பெயரும் பொருளும்: மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு – நெடுங்காடு வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002 ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பின் எல்லைக்குள்ளும் வாழும் தாவரங்களையும் விலங்குகளையும், அவை குறித்த மக்களறிவையும் பதிவு செய்ய வழிவகுத்தது. இவ்வாறு உருவாகும் ஆவணம் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எனப்படுகிறது. காரைக்கால் மாவட்டத்தின் நெடுங்காடு போன்ற காடற்ற வேளாண் வட்டாரங்களுக்கு இப்பதிவேடு ஏன் இன்றியமையாதது என்பதையும், அதன் சான்றுவலிமை வட்டாரப் பெயரைச் சரியாகப் பதிவதில் தங்கியிருப்பதையும், அதில் தமிழாய்வுக்குரிய பங்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பல்லுயிர்ப் பதிவேடு, வட்டாரப் பெயர், மருதத்திணை, கடைமடை, மரபறிவு, கருப்பொருள்.

1. முன்னுரை

ஓர் ஊரில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்னும் வினாவுக்கு அறிவியலாளர் ஒருவகையில் விடை தருவர். அவ்வூரில் வாழ்பவர் வேறுவகையில் விடை தருவர். முன்னவர் இனத்தையும் குடும்பத்தையும் சொல்வர். பின்னவர் பெயரையும், அது கிடைக்கும் இடத்தையும், பயன்படும் பருவத்தையும் சொல்வர். இவ்விரு விடைகளையும் ஒரே பக்கத்தில் எழுத முயலும் அரசுத் திட்டமாக மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு விளங்குகிறது. சூழலியல் அறிஞர் மாதவ் காட்கிலும் அவருடன் பணியாற்றியோரும் 1990களில் வளர்த்தெடுத்த இக்கருத்து, 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நாடு தழுவிய கடமையாயிற்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையம் இதற்கான வழிகாட்டுநெறிகளை 2009இல் வெளியிட்டு, 2013இல் திருத்தியமைத்தது.

சட்டநூலாரும் சூழலியலாரும் இப்பதிவேட்டைப் பெரிதும் ஆராய்ந்துள்ளனர். ஆனால் பதிவேட்டின் படிவத்தில் 'உள்ளூர்ப் பெயர்' என்றொரு கட்டம் உண்டு. அக்கட்டத்தில் எழுதப்படும் சொல் மொழியாய்வுக்குரியது. அச்சொல் பிழைபடின் அதனைத் தொடரும் பயன், பருவம், மருத்துவக் குறிப்பு ஆகிய அனைத்தும் வேறோர் உயிரின்மேல் ஏற்றப்பட்டுவிடும். இவ்வடிப்படையிலேயே இக்கட்டுரை அமைகிறது.

2. காடற்ற நிலமும் அரசுக் கணக்கெடுப்பும்

இந்தியாவில் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் அரசு நிறுவனங்கள் நெடிய வரலாறு உடையவை. இந்தியத் தாவரவியல் அளவை நிறுவனம் 1890இலும், இந்திய விலங்கியல் அளவை நிறுவனம் 1916இலும் தோற்றுவிக்கப்பட்டன. 1981இல் தோன்றிய இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் காட்டுப்பரப்பை மதிப்பிடுகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பும் 10 விழுக்காட்டிற்குக் குறையாத மரக்கவிகையும் உள்ள நிலமே அதன் கணக்கில் காடாகும். இவ்வளவுகோலின்படி காவிரிக் கழிமுகத்தின் வயல்வெளி காட்டுக்கணக்கில் வாராது. வரப்பில் நிற்கும் பனையும், குளக்கரைப் பூவரசும், வாய்க்கால் ஓரத்து நொச்சியும் 'காட்டிற்கு வெளியே உள்ள மரங்கள்' என்னும் பொதுத்தலைப்பில் அடங்கும். வரப்புக் கீரைக்கும் மடையில் ஏறும் மீனுக்கும் அங்கு இடமே இல்லை.

நெடுங்காடு, காரைக்கால் நகருக்கு வடமேற்கே அமைந்த ஊர். காரைக்கால் மாவட்டத்தின் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளுள் ஒன்று அதன் பெயரால் வழங்குகிறது. நெல்வயலும் வாய்க்காலும் குளமும் நிறைந்த மருதநிலம் அது. பெயரில் காடு உண்டு. இன்றைய நிலத்தோற்றத்தில் காடு இல்லை. தலைச்சங்காடு, திருவெண்காடு, திருமறைக்காடு என இக்கடலோரச் சமவெளியில் காடு என்னும் ஈறு கொண்ட ஊர்ப்பெயர்கள் பல உள. ஊர்ப்பெயர் ஒன்றைமட்டும் கொண்டு பழைய நிலத்தோற்றத்தை உறுதிசெய்தல் ஏற்புடையதன்று. ஆயினும் காடு என்பது மரச்செறிவை மட்டுமே குறித்ததா என்னும் வினாவை அண்டையூரான திருநள்ளாறு எழுப்புகிறது. அவ்வூர் இறைவன் தருப்பாரண்யேசுவரர். தலத்தின் புனிதத் தாவரம் தருப்பைப் புல். புல்வெளியையும் காடாகக் கண்ட ஒரு பார்வை இப்பெயரில் பதிந்துள்ளது. மரக்கவிகையை மட்டும் அளக்கும் கணக்கெடுப்பு அறியாத பார்வை அது.

வயல், வரப்பு, வாய்க்கால், படுகை, குளம், திடல், தரிசு, கொல்லை என்று கழிமுக மக்கள் நிலத்தைப் பகுத்து வழங்கும் சொற்கள் ஒவ்வொன்றும் தனித்தனி உயிர்ச்சூழலைக் குறிப்பன. பதிவேட்டின் நிலத்தோற்றப் பகுதி, இத்தகைய வட்டாரப் பகுப்பை அப்படியே ஏற்றுக்கொள்ள இடம் தருகிறது. காடற்ற ஊரின் உயிர்வளத்தை ஊரார் சொல்வழி அறிய முனையும் அரசுப் பதிவு என்ற வகையில் இது தனித்த இடம் பெறுகிறது.

3. பதிவேட்டின் அமைப்பும் சட்டநிலையும்

சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் தன் எல்லைக்குள் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்கவேண்டும் என்கிறது. 2004ஆம் ஆண்டு விதிகளின்படி இக்குழு ஒரு தலைவரையும், உள்ளாட்சி அமைப்பு நியமிக்கும் ஆறு பேருக்கு மேற்படாத உறுப்பினரையும் கொண்டிருந்தது. உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் பெண்கள் இருத்தல் வேண்டியிருந்தது. உள்ளூர் மக்களைக் கலந்து பதிவேட்டை உருவாக்குவதே குழுவின் முதன்மைப் பணி என்று அவ்விதிகள் வரையறுத்தன. வணிக நோக்கில் தன் எல்லைக்குள் உயிர்வளங்களைச் சேகரிப்போரிடம் கட்டணம் பெறும் உரிமையும் குழுவிற்கு உண்டு.

பதிவேடு பயிர்வகைகள், வளர்ப்பு விலங்குகள், இயல்பாக வளரும் தாவரங்கள், காட்டுயிர்கள், நிலத்தோற்றம், மக்கள், நாட்டு மருத்துவர் எனப் பல பகுதிகளை உடையது. ஓர் உயிரைப் பற்றிய பதிவில் உள்ளூர்ப் பெயர், அறிவியற் பெயர், வகை, வாழிடம், பருவம், பயன்படும் உறுப்பு, பயன், தொடர்புடைய மரபறிவு முதலியன இடம்பெறும்.

எழுத்துப் பதிவின் இன்றியமையாமையை மஞ்சள் காப்புரிமை வழக்கு உணர்த்தியது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து வாதிட்டதால் 1997இல் அது நீக்கப்பட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டம், பிறநாட்டில் நூலாகவோ கட்டுரையாகவோ வெளிவந்த செய்தியை முன்னறிவாக ஏற்றது. பிறநாட்டு வாய்மொழி வழக்கை ஏற்கவில்லை. மஞ்சளுக்கு நூற்சான்று இருந்தது. சான்று இல்லாத வட்டார வழக்குகளின் நிலை அவ்வாறன்று.

2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இவ்வேறுபாட்டைக் கூர்மையாக்கியுள்ளது. இத்திருத்தம் தொகுக்கப்பட்ட மரபறிவுக்குச் சில விலக்குகளை அளிக்கிறது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், 1940இன் முதல் அட்டவணையில் இடம்பெற்ற நூல்களிலிருந்து பெறப்படும் அறிவே தொகுக்கப்பட்ட மரபறிவு எனப்படுகிறது. அவ்வட்டவணையில் சித்த மருத்துவ நூல்களும் உள. எனவே, ஒரு பச்சிலைப் பயன்பாடு நூல்வழிப்பட்டதா, ஊர்வழக்காக மட்டும் வழங்குவதா என்னும் வினாவுக்குச் சட்டப்பயன் ஏற்பட்டுவிட்டது. இவ்வினாவுக்கு விடைகாணச் சித்தர் நூல்களின் சொல்லாட்சியையும் வட்டார வழக்கையும் ஒப்பிட்டாக வேண்டும். அது தமிழ்ப் புலமை வேண்டும் பணி.

4. பொருள் இழந்த பெயர்

நிலத்தையும் உயிரையும் மக்கள் தொழிலையும் ஒருங்கே நோக்கும் முறை தமிழ்மரபுக்குப் புதிதன்று. விலங்கு, மரம், பறவை, உணவு, தொழில் ஆகியவற்றைத் தொல்காப்பியம் கருப்பொருள் என்னும் ஒரே வகைப்பாட்டில் அடக்கியது. அதன் மரபியல், உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறாகப் பகுத்தது. புறத்தே வன்மை உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வன்மை உடையவற்றை மரம் என்றும் பிரித்து, இருவகைக்கும் உரிய உறுப்புப் பெயர்களைத் தனித்தனியே வரையறுத்தது. இலக்கண நூலொன்றையும் அரசுப் படிவமொன்றையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. முன்னது செய்யுள் மரபுக்கானது, பின்னது நிருவாகத்திற்கானது. ஆயினும் உயிரை அதன் நிலத்தினின்று பிரிக்காமல் காணும் நோக்கு இரண்டிற்கும் பொதுவானது.

இம்மரபிலிருந்து பதிவேடு பெறத்தக்க எச்சரிக்கையும் ஒன்றுண்டு. நாற்கவிராச நம்பியின் நம்பியகப்பொருள் மருதத்திணைக்குரிய பறவைகளாகக் கூறுவனவற்றுள் நாரை, கம்புள், போதா, மகன்றில் முதலியன அடங்கும். நாரை இன்றும் வழக்கில் உள்ளது. கம்புள் என்பது கம்புள்கோழி என்னும் பெயரில் நிலைபெற்றுள்ளது. போதா எப்பறவை என்பதை உரைகளின் துணையால் உய்த்துணர வேண்டியுள்ளது. மகன்றில் எப்பறவை என்பதிலோ ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. பெயர் ஏட்டில் நின்றது. பெயர் சுட்டிய உயிரை அறிந்தவர் மறைந்தனர். பெயரை மட்டும் எழுதிவைப்பது போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நெடுங்காட்டுக்கு வடகிழக்கே கடற்கரையில் உள்ள தரங்கம்பாடி, பெயரையும் பொருளையும் இணைக்கும் முயற்சிக்கு வேறுவகைச் சான்றாகிறது. லின்னேயசின் மாணவரான யோகான் கெரார்டு கூனிக் 1768இல் அங்கு மருத்துவராக வந்து தென்னிந்தியத் தாவரங்களைத் திரட்டினார். 1776இல் வந்த யோகான் பீட்டர் ராட்லர் தாவரவியலாளராகவும் தமிழ் அகராதியாளராகவும் விளங்கினார். அவருடைய தமிழ் – ஆங்கில அகராதி 1834 முதல் 1841 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்தது. செடியை உலர்த்தித் தாளில் ஒட்டிய கையே சொல்லையும் தொகுத்தது என்பது கருதத்தக்கது. பின்னர் வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, தாவரப் பெயர்கள் பலவற்றுக்கு அறிவியற் பெயரையும் தந்தது. எனினும் அகராதி ஒரு சொல்லுக்கு ஒரு பொருளைத் தருமேயன்றி, அச்சொல் எந்த ஊரில் எச்செடியைச் சுட்டியது என்பதைப் பெரும்பாலும் தருவதில்லை. அக்குறையை நிரப்ப வல்லது ஊர்தோறும் எழுதப்படும் பதிவேடு.

5. ஒரு பெயரும் பல உயிரும்

பதிவின்போது எழும் சிக்கல்களை மருதநிலத் தாவரங்கள் சிலவற்றால் விளக்கலாம்.

முதலாவது, ஆகாயத்தாமரை. சித்த மருத்துவத்தில் இப்பெயர் பிஸ்டியா ஸ்ட்ராட்டியோட்டஸ் என்னும் மிதக்கும் நீர்ச்செடியைக் குறிக்கிறது. வாய்க்கால்களையும் குளங்களையும் அடைத்து வளரும் தென்னமெரிக்கச் செடியான வெங்காயத்தாமரையையும் மக்கள் பல இடங்களில் ஆகாயத்தாமரை என்றே அழைக்கின்றனர். ஒன்று மருந்து, மற்றொன்று அகற்ற வேண்டிய களை. 'ஆகாயத்தாமரை' என்று மட்டும் எழுதப்பட்ட பதிவு எதைச் சுட்டுகிறது என்று பிற்காலத்தார் அறிய இயலாது.

இரண்டாவது, மஞ்சள் கரிசலாங்கண்ணி. ஈரநிலங்களில் வளரும் இம்மூலிகையின் பேரினத்தைச் சேர்ந்த வேறொரு சிற்றினம், வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாக வந்து பரவியுள்ளது. இரண்டும் மஞ்சள் பூ உடையன, தரையில் படர்வன. பெயரின் ஒற்றுமையும் தோற்றத்தின் ஒற்றுமையும் சேர்ந்து ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளச் செய்கின்றன.

மூன்றாவது, கீழாநெல்லி. இதனை இந்தியத் தாவர நூல்கள் நெடுங்காலம் ஃபிலாந்தஸ் நிரூரி என்று குறித்து வந்தன. அப்பெயரின்கீழ் இந்தியாவில் ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் கலந்திருந்தன என்பதை இந்தியத் தாவரவியல் அளவை நிறுவனத்தின் ஆய்விதழில் 1985இல் வெளிவந்த கட்டுரை தெளிவுபடுத்தியது. அறிவியற் பெயர் எழுதப்பட்டுவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும் என்னும் எண்ணத்தை இச்செய்தி தகர்க்கிறது. அறிவியற் பெயர் மாறக்கூடியது. வட்டாரப் பெயரும், செடியின் உலர்மாதிரியும், பறித்த இடமும் சேர்ந்து பதிவாகியிருப்பின் எத்திருத்தத்திற்குப் பின்னரும் உண்மையை மீட்டெடுக்கலாம்.

ஓர் உயிருக்குப் பல பெயர் வழங்குவதும் உண்டு. பிற பகுதிகளில் குருட்டுக்கொக்கு எனப்படும் பறவை தஞ்சைச் சமவெளியில் மடையான் எனப்படுகிறது. மடையருகே அசையாமல் நின்று மீன்பிடிக்கும் அதன் இயல்பை இப்பெயர் நினைவூட்டுகிறது. தொகுப்போர் நூல்களில் உள்ள பொதுப்பெயரை எழுதி வட்டாரப் பெயரை விடுவாராயின், பறவைக்கும் பாசனத்திற்கும் உள்ள உறவைப் பேசும் சொல் ஏட்டிற்கு வாராமல் போகும்.

பெயரின் அடைமொழிகளும் அறிவின் பகுதியே. நாட்டு – சீமை என்னும் இணை, உயிரின் வரவைச் சொல்கிறது. சீமைக்கருவேலம் என்னும் பெயரே அம்மரம் அயலிலிருந்து வந்தது என்பதைக் காட்டிவிடுகிறது. பேய்ப்புடல், பேயத்தி போன்றவற்றில் வரும் 'பேய்' உண்ணத்தகாமையையோ கசப்பையோ காட்டில் வளர்வதையோ சுட்டும். நீர், நில, வெள், கரு, செம் முதலிய அடைகள் வாழிடத்தையும் நிறத்தையும் கொண்டு இனம்பிரிப்பன. அடைமொழியை விடுத்துப் பெயரைச் சுருக்கி எழுதுதல் ஒரு வகைப்பாட்டையே அழித்தலாகும்.

6. நீரும் பருவமும்

காரைக்கால் காவிரியின் கடைமடைப் பகுதி. நூலாறு, நாட்டாறு, அரசலாறு முதலிய கிளையாறுகளின்வழி இங்கு நீர் வருகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி. நீரை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. குறுவை, சம்பா, தாளடி என்னும் பயிர்ப்பருவங்களும், அறுவடைக்குப்பின் உளுந்தும் பயறும் விளையும் தரிசுக்காலமும் இந்நீர்வரவைப் பின்பற்றுவன.

உயிர்களின் தோற்றமும் இச்சுழற்சிக்கு உட்பட்டது. புதுநீரில் ஏறும் கெண்டையும் அயிரையும் ஒரு பருவத்தில் கிடைக்கும். உள்ளான் போன்ற வலசைப் பறவைகள் குளிர்காலத்தில் வரும். ஆரைக்கீரை வயலில் ஈரமுள்ளபோது தழைக்கும். ஆகவே ஓராண்டு முழுவதும் திரும்பத் திரும்பச் சென்று கேட்டால் அன்றி ஒரு மருதநில ஊரின் பதிவேடு நிறைவுபெறாது.

நடைமுறை இதற்கு மாறாக அமைந்தது. 2016இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 1,400 பதிவேடுகளே இருந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதில் தலையிட்டு, 2020 ஜனவரி 31ஆம் நாளுக்குள் பணியை முடிக்க வேண்டும் என்றும், தவறும் மாநிலங்கள் அதன்பின் மாதந்தோறும் 10 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் 2019இல் ஆணையிட்டது. பதிவேடுகளின் எண்ணிக்கை விரைந்து உயர்ந்து 2 லட்சத்தைக் கடந்தது. பல்லாண்டுத் தேக்கத்தை உடைத்தது இவ்வாணையின் பயன். விரைவு காரணமாகப் பல பதிவேடுகள் போதிய கள ஆய்வின்றி நிரப்பப்பட்டன என்னும் குறைபாடும் நாடெங்கும் எழுந்தது. ஜனவரி இறுதி, காவிரிக் கழிமுகத்தில் சம்பா அறுவடைக் காலம். அவ்வேளையில் மட்டும் வயலுக்குச் செல்பவர் கதிரையும் தாளையும் காண்பர். ஆடி ஆவணியின் உயிர்களைக் காணார்.

7. சொல்பவரும் எழுதுபவரும்

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு ஒன்றியப் பகுதிகளுக்கு மாநில வாரியம் அமைக்க இடம் தரவில்லை. வாரியத்தின் அதிகாரத்தைத் தேசிய ஆணையமே செலுத்தும், அல்லது வேறொரு குழுவிடம் ஒப்படைக்கும். அடித்தள நிலையிலோ குழுவை அமைக்கவேண்டியது உள்ளாட்சி அமைப்பு. புதுச்சேரியில் 2006இல் நடந்த தேர்தலால் அமைந்த உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2011இல் முடிவுற்றது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தல் நடைபெறவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகளே நடத்துகின்றனர். அதிகாரிகள் படிவத்தை நிரப்ப முடியும். நாற்று நடும் பெண்டிரும், ஆடு மாடு மேய்ப்போரும், வாய்க்காலில் மீன்பிடிப்போரும் தம் அறிவைத் தாமே முன்வந்து சொல்வதற்கு அவர்கள் நம்பும் ஊர்மன்றம் வேண்டும். உள்ளாட்சி வெற்றிடம் பதிவேட்டின் உள்ளடக்கத்தையே பாதிக்க வல்லது.

பதிவு அறிவைக் காக்கும்; வெளிப்படுத்தவும் செய்யும். எனவே சொன்னவரின் ஒப்புதல், எப்பகுதியைப் பொதுவில் வைக்கலாம் என்னும் முடிவு ஆகியன பதிவுக்கு முன்னரே தெளிவுபெற வேண்டும்.

எழுதுவோரைப் பொறுத்தவரை, நெடுங்காட்டை ஒட்டிய செருமாவிலங்கையில் பண்டித ஜவகர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் 1987 முதல் இயங்குகிறது. இனங்காணும் அறிவியல் துணை எட்டும் தொலைவில் உள்ளது. பெயர்களைப் பேச்சொலி மாறாமல் எழுதுதல், அடைமொழிகளைப் பிரித்தறிதல், நிகண்டு, அகராதி, சித்தர் நூல் ஆகியவற்றோடு ஒப்பிடுதல் ஆகிய பணிகளுக்குக் காரைக்கால் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் துணைநின்றால் இரு துறைகளும் ஒரே பக்கத்தில் சந்திக்கும்.

8. முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பின்வருவன பெறப்படுகின்றன.

• மரக்கவிகையை அளவுகோலாகக் கொண்ட கணக்கெடுப்பில் இடம்பெறாத மருதநில உயிர்வளம், மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இடம்பெற முடியும்.

• 2023ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், நூல்வழி அறிவையும் ஊர்வழக்கையும் பிரித்தறிவது மக்களின் உரிமையோடு தொடர்புடையதாகிவிட்டது.

• பெயர் மட்டும் எஞ்சினால் மகன்றிலின் நிலை ஏற்படும். வட்டாரப் பெயர், அதன் அடைமொழி, உலர்மாதிரி அல்லது ஒளிப்படம், இடம், பருவம், சொன்னவரின் ஒப்புதல் ஆகியன ஒருங்கே அமைந்த பதிவே சான்றாகும்.

• கடைமடை நிலத்தின் பதிவேடு குறுவை முதல் தரிசு வரையிலான ஓராண்டுச் சுழற்சியைத் தழுவ வேண்டும். முன்னரே முடிக்கப்பட்ட பதிவேடுகளையும் இவ்வகையில் மீளாய்வு செய்யலாம். பதிவேடு காலந்தோறும் புதுப்பிக்கத்தக்க ஆவணமே.

• வட்டாரப் பெயர்களை அறிந்த முதியோர் குறைந்துவரும் இக்காலத்தில், ஒரு கொம்யூன் எல்லையையேனும் முழுமையாக எடுத்துக்கொண்டு தமிழ்த்துறையும் வேளாண் அறிவியல் துறையும் இணைந்து செய்யும் களப்பணி உடனடித் தேவையாகும்.